சூடு தெரியாத கட்டைவிரல்

பஞ்சுக்கை என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. முடிதிருத்தும் தொழில். சவரத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் பாதியில் தூங்கிப்போவார்கள். கத்தி கழுத்தில் ஓடுவதே தெரியாது. அந்தக் கைக்குத் தெருவில் வைத்த பெயர் அது.

சலூன் மாமனாருடையது. அவர் காலத்துக்குப் பிறகு மருமகனுக்கும் மகனுக்கும் பொதுவாக வந்தது. வாசலை ஒட்டிய முதல் நாற்காலி பஞ்சுக்கையுடையது. உள்ளே மின்விசிறிக்கு அடியில் இருப்பது மச்சானுடையது. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கத்தரியில் கெட்டிக்காரன், வாயில் அதைவிட. இருவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் பஞ்சுக்கை எதையும் லேசில் நம்புகிறவர் அல்லர். பாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். பூட்டிய கதவை நாலடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். இழுத்ததை மனைவியும் பார்த்தாளா என்று கேட்டுக்கொள்வார்.

தொழிலிலும் அப்படித்தான். சவரம் முடிந்ததும் கட்டைவிரலைத் தாடைக்கடியில் வைத்து, முடி வளரும் போக்குக்கு எதிராக மேலே தடவுவார். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பது அவர் கட்சி. விரல் சரி என்று சொன்ன பிறகுதான் துண்டை உதறுவார்.

தொல்லை அந்த விரலில்தான் முதலில் தெரிந்தது. ஒருநாள் தபால்காரர், துண்டை எடுத்த பிறகும் எழுந்திருக்காமல் தாடையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, இங்க பாதி வயல அறுக்காம விட்டுட்ட?"

"விரல் வச்சுப் பாத்துட்டுத்தான் விட்டேன்."

"யாரு விரல?"

உள்ளே மச்சான் சிரித்தான். பஞ்சுக்கை மறுபடி தடவிப் பார்த்தார். வழவழப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. விரலுக்கும் தாடைக்கும் நடுவில் யாரோ துணியைச் செருகி வைத்ததுபோல் இருந்தது. முதலில் பிளேடின் மீது சந்தேகப்பட்டார். பிறகு சவர நுரையின் மீது. மச்சான் மட்டமான சரக்கை வாங்கிப் பழைய டப்பாவில் அடைத்துவிட்டானோ என்று மோந்து பார்த்தார்.

அதே வாரம் வீட்டு வாசலில் மனைவி கேட்டாள்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

குனிந்து பார்த்தார். ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படியே நடந்தார், ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இது மச்சானுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. கத்தி பிடிக்கிற கைக்கு நரம்புக் கோளாறு என்று தெருவில் ஒரு வார்த்தை கசிந்தால் எவன் கழுத்தை நீட்டுவான்? முதல் நாற்காலி போனால் அப்புறம் வாசல் பெஞ்சுதான். பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் ஒவ்வொரு டாக்டரிடமும் ஒளிந்து ஒளிந்து போனார். சர்க்கரை இருக்கும் என்றார் ஒருவர். இரத்தத்தில் சர்க்கரை இல்லை. கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். ஒருவர் தலையைப் படமெடுக்கச் சொன்னார். படத்தில் கோளாறு ஒன்றும் இல்லை.

"இது என் தலதானா?" என்று படமெடுத்தவரைக் கேட்டார்.

"பேரு போட்டிருக்கே ஐயா."

"பேரு நீங்க போட்டதுதானே."

மனதில் ஏதாவது கவலையா என்று கேட்ட டாக்டரிடம் அதன்பிறகு போகவே இல்லை.

ஒரு டாக்டர் சொன்னதை அடுத்த டாக்டரிடம் சொல்லமாட்டார். சொன்னால் அதையே பார்த்து எழுதிவிடுவார்கள், சொந்தமாகக் கண்டுபிடிக்கட்டும் என்பது அவர் எண்ணம். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். உண்மையில், நாளெல்லாம் நின்று கால் கடுக்கிறது என்று எப்போதோ மருந்துக்கடையில் வாங்கிய சத்து மாத்திரையையே அவர் நிறுத்தவில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டாக்டரும் நரம்புக்கு ஒன்று எழுதினார்கள். நிறம் வேறு, பெயர் வேறு. எது கேட்குமோ என்று எல்லாவற்றையும் விழுங்கினார். ஊரில் அவர் நம்பியது அந்த மாத்திரைகளை மட்டும்தான். தகட்டில் அடைத்து ஒட்டி வருவதில் யாரும் கைவைக்க முடியாதல்லவா? சலூன் மேசையின் அடி இழுப்பறையில், பழைய கத்தரிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

மரமரப்பு குறையவில்லை. விரல்நுனியில் இருந்தது உள்ளங்கைக்கு வந்தது.

அப்போதுதான் டீ கண்ணில் பட்டது. கடையிலிருந்து டீ வந்தால் மச்சான் அவருடைய கிளாஸை மட்டும் பின்பக்க மூலைக்கு எடுத்துப் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகுதான் கொண்டுவந்து கொடுத்தான். முன்பெல்லாம் இந்தப் பழக்கம் கிடையாது. இன்னொரு நாள் அவன் அடி இழுப்பறையைத் திறந்து மூடியது கண்ணாடியில் தெரிந்தது. அன்று சாயங்காலமே வீட்டில், மனைவி போனில் தம்பியிடம் தணிந்த குரலில் பேசியது காதில் விழுந்தது.

"அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வா. தெரிஞ்சா ரகளையாயிடும்."

டீயில் எதையோ கலக்கிறார்கள் என்று பஞ்சுக்கை முடிவு கட்டினார். அக்காளும் தம்பியுமா?

மறுநாள் முதல் டீயைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினார். வீட்டில் மனைவி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துத் தட்டை மாற்றி வைத்தார்.

அவள் திரும்பி வந்து இரண்டு தட்டையும் பார்த்தாள். "என் தட்டுல அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் காத்து வருது."

"காத்து தட்டுக்கா, உங்களுக்கா?"

அவர் மாற்றிய தட்டில் சாப்பிட ஆரம்பித்தார்.

ஒரு காலையில் தபால்காரர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தார். பாதிச் சவரத்தில், போர்த்திய வெள்ளைத் துணியில் சிவப்பாகச் சொட்டியது. தபால்காரர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். கழுத்தில் ஒரு கீறலும் இல்லை. பஞ்சுக்கையின் கட்டைவிரல்தான் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. அதில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

மச்சான் வந்து கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டான். "நீங்க உக்காருங்க மாமா. நான் முடிச்சுவிடறேன்."

"இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்த?"

மச்சான் கத்தியை மேசையில் வைத்தான். ஒரு துணியை எடுத்து அவர் விரலைச் சுற்றினான்.

அடுத்த நாள் மனைவி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். சலூனைப் பூட்டிவிட்டு மச்சானும் வந்தான். மடியில் ஒரு துணிப்பை. பஞ்சுக்கை வழியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா இரண்டு முனை கொண்ட இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே அவர் கால் பெருவிரலில் வைத்தார். "கண்ண மூடிக்குங்க. அதிருதா?"

"நீங்க தட்டுனீங்களா இல்லையான்னு முதல்ல சொல்லுங்க."

"அதச் சொல்லிட்டா அப்புறம் சோதனை எதுக்கு?"

பஞ்சுக்கை ஒரு கண்ணை லேசாகத் திறந்தார். கவை விரல்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

பஞ்சுக்கை பாலை எப்படிப் பார்ப்பாரோ அப்படி அவரைப் பார்த்தார் டாக்டரம்மா. "நான் நம்பல."

மச்சான் எழுந்து பையை மேசையில் கவிழ்த்தான். அட்டை அட்டையாக மாத்திரைகள் விழுந்தன. "இழுப்பறையில இருந்துச்சு. அக்காதான் எடுத்துட்டு வரச் சொன்னா."

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "இத்தனை பேர்கிட்ட போனீங்க, ஒருத்தர்கிட்டயும் இன்னொருத்தர் குடுத்ததச் சொல்லலையா?"

"சொன்னா பாத்து எழுதிடுவாங்க."

"சொல்லாததாலதான் எல்லாரும் ஒண்ணையே எழுதியிருக்காங்க. பேருதான் வேற வேற. இந்தச் சத்து மாத்திரையில இருந்து எல்லாத்துலயும் பி-சிக்ஸ் வைட்டமின். அளவா இருந்தா நரம்புக்கு நல்லது. இவ்வளவு சேந்தா, அதே நரம்பக் கெடுக்கும். இரத்தம் பாத்து உறுதி பண்ணிக்கலாம். இன்னியோட எல்லாத்தையும் நிறுத்துங்க."

"கை திரும்புமா?"

"மெதுவாத் திரும்பும். முழுசாத் திரும்புமான்னு இப்ப சொல்லமாட்டேன்."

வெளியே வந்து கையில் இருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை மட்டும் எழுதியிருந்தது. அவர் பார்த்த டாக்டர்களில் மாத்திரை எழுதாதவர் இவர் ஒருவர்தான். எழுதாதவருக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதனால் நம்பினார். இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

நிறுத்திய புதிதில் மரமரப்பு கூடத்தான் செய்தது. டாக்டரம்மா மீதும் சந்தேகம் வந்து போனது. முதல் நாற்காலி காலியாகவே கிடந்தது. மச்சான் அதில் யாரையும் உட்காரவைக்கவில்லை; பஞ்சுக்கையின் துண்டை மடித்து அதன்மேல் போட்டிருந்தான். பஞ்சுக்கை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். டீ இன்னும் மூலைக்குப் போய்த்தான் வந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, குடிக்கவும் இல்லை.

வெயில் காலம் போய் மழையும் ஓய்ந்திருந்தது. தபால்காரர் இரண்டாவது நாற்காலியில் நுரையோடு இருந்தார். டீ வந்தபோது மச்சானுக்குக் கை ஒழியவில்லை. யாரும் தொடாத டீ என்பதால் பஞ்சுக்கை தானே ஒரு கிளாஸை எடுத்தார். எடுத்தவர் சட்டென்று பெஞ்சில் வைத்தார்.

"என்னடா இது, இப்படிச் சுடுது?"

மச்சானின் கை நின்றது. "என்ன சொன்னீங்க மாமா?"

"சுடுதுன்னு சொன்னேன்."

"தெரியுதா?"

பஞ்சுக்கை அவனைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு நாள் கொதிக்கிற கிளாஸ அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னீங்க," என்றான் மச்சான். "உள்ளங்கை செவந்து போச்சு, உங்களுக்குத் தெரியல. சொன்னா சண்டைக்கு வருவீங்க. அதான் அங்க போய் ஆத்திட்டு வந்தேன்."

பஞ்சுக்கை இடது கையால் கிளாஸை எடுத்துப் பார்த்தார். அதுவும் சுட்டது, கொஞ்சம் குறைவாக. எழுந்து இரண்டாவது நாற்காலியிடம் போனார். மச்சான் முடித்திருந்த தாடையில் கட்டைவிரலை வைத்து எதிர்ப்போக்கில் தடவினார். விரலின் வெட்டுத் தழும்புக்குப் பக்கத்தில் ஏதோ குத்தியது.

"இங்க விட்டுட்ட."

தபால்காரர் தானே தடவிப் பார்த்தார். "ஆமாய்யா, இருக்கு."

யாரும் சொல்லாமலே அவர் எழுந்து, கழுத்தில் கட்டிய துணியோடு வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து, "பாத்துய்யா," என்றார்.

பஞ்சுக்கை பிளேடை மாற்றினார். அந்த ஒரு இடத்தை மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு வழித்தார். தடவினார், மறுபடி தடவினார். பிறகு துண்டை உதறினார். தெருவே கேட்கும்படி அது சடாரென்றது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மச்சான் பக்கம் திரும்பினார்.

"நீ இவ்வளவு நாளா எவன் தாடையிலயும் ஒரு முடி விட்டதில்லையே. வேணும்னே விட்டியா?"

மச்சான் குழாயைத் திறந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்தான். பஞ்சுக்கை கண்ணாடியில் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.