ஏரிக்கடியில் தர்பூசணி

மெதெர்பெக் அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. எங்கள் தொக்தோகுல் அணை ஏரி குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்காக வடிந்து, வசந்தத்தில் கரையோரம் வெறும் வண்டலாகக் கிடக்கும். அவர் அதில் தர்பூசணி விதைப்பார். ஜூலையில் மலைப்பனி உருகி ஏரி திரும்ப ஏறி, எலுமிச்சை அளவுப் பிஞ்சோடு கொடியை விழுங்கிவிடும். பதினோரு வருடமாக இதே கதைதான்.

முழுகிய கொடியை மேயக் கெண்டை மீன் கூட்டமாக வரும். அதைத் தேடித் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தூண்டில்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். அவர்களுக்கு அன்னப்பறவை வடிவ மிதிபடகு வாடகைக்கு விடுபவள் அவர் மனைவி புருல்சா. பிடித்த மீனைப் பொரித்துக் கொடுப்பவள் நான். அவர் நஷ்டத்தில்தான் எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது. வீட்டுக்காரர் மீனுக்கு விவசாயம் பண்ணுகிறார் என்று புருல்சா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மேட்டில் விதையுங்களேன் என்றால், வண்டலில் விளைகிற ருசி மேட்டில் வருமா என்பார். ஒரே ஒரு பழமாவது பழுத்து, புருல்சா வாயால் அதை இனிப்பு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

இந்த வருடம் மலையில் பனி குறைவு. ஜூலை போயும் தண்ணீர் வயலுக்கு எட்டவில்லை. காய்கள் குடம் குடமாகப் பருத்தன. படகுகள் சேற்றில் குந்தியிருந்தன. தூண்டில்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். படகுகளை விலைக்குக் கேட்டு ஒருவன் வந்தான். ஆகஸ்ட் முடியட்டும் என்று அவனை அனுப்பிய புருல்சா, அதன் பிறகு சிரிக்கவே இல்லை.

அவரோ விடிந்ததும் வயல் பக்கம் இறங்கிவிடுவார். பெண்டாட்டி பிழைப்பு போகிறது, இந்த மனுஷனுக்குப் பழத்துக்குக் காவல் ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், அப்படி என்னதான் செய்கிறார்? மண்டை குடைச்சல் தாங்காமல் ஒரு நாள் பின்னாலேயே போனேன். செருப்புத் தடம் வயலில் நிற்கவில்லை. நேராகத் தண்ணீர் விளிம்புக்குப் போனது. அங்கே ஒரு குச்சியை நட்டு, அதில் கத்தியால் கோடு கீறிக்கொண்டிருந்தார். என்னண்ணே இது என்றேன். சும்மா என்று மழுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் நடுவில் முதல் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். புருல்சா சேற்றில் நின்ற படகொன்றில் உட்கார்ந்திருந்தாள், நான் அருகே நின்றிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிளந்தார். உள்ளே நல்ல சிவப்பு. அவள் ஒரு துண்டு தின்றாள். கேட்காமலே இன்னொன்றும் எடுத்தாள்.

"இனிப்புதாங்க," என்றாள். "ஜெயிச்சிட்டீங்க."

அவர் தன் துண்டைத் தொடவில்லை.

"தண்ணி நாலு விரல்கூட ஏறல, புருல்சா. தினம் போய் அளந்து பாக்குறேன். எல்லாம் முழுகித் தொலையட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

அவள் பழத்தின் நடுப்பாகத்தை வெட்டி அவர் வாயில் வைத்தாள்.