தேவார டீச்சரின் நாவல்

அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தவள் நான். முதலில் கத்தியவளும் நான்தான். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

சுங்காய்க்குப் பக்கத்தில் எங்கள் பழைய ரப்பர் தோட்டம். கித்தா மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆட்கள் கலைந்துபோனார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு அக்கம்பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். வகுப்பு நடத்திய டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மகளோடு கோயிலுக்குப் பின்னால் இருந்த கமிட்டி வீட்டில் இருந்தாள். வகுப்பு எடுப்பவருக்குத்தான் அந்த வீடு. நான் கமிட்டியில் மகளிர் பிரிவுத் தலைவி.

ஒரு ஞாயிறு, டீச்சர் வெளியே போயிருந்த நேரத்தில், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் தேடி அவள் பையைத் திறந்தேன். காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. நாங்கள் எல்லோருமே பழைய சாமி காலண்டரைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படிதான் புத்தகத்துக்கு அட்டை போடுவோம். பதிகப் புத்தகம் என்று நினைத்துப் பிரித்தேன். நாலு வரி படித்ததும் உடம்பு கூசியது. அட்டையை உரித்தேன். நாவலின் முகப்பில் சட்டை போடாத ஒருவன். காலண்டர் தாளின் உள்பக்கத்தில் அம்மன். அத்தனை நாளும் அம்மன் முகம் அவன் மார்பில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

"இந்தக் கண்றாவிக்கா அம்மன் படத்துல அட்டை போட்டே?" என்று கத்தினேன். பிள்ளைகளும் தாய்மார்களும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் திரும்பி வந்த டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சாயங்காலமே கமிட்டித் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். "வர்ற ஞாயிறு கூட்டம் போட்டு வீட்டக் காலி பண்ணச் சொல்லிரலாம். எங்கெங்க அசிங்கமா இருக்குன்னு நீங்க படிச்சிட்டுச் சொல்லுங்கக்கா. பொம்பள சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க லா."

புத்தகத்தை முதலில் அவர்தான் வாங்கிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது.

நான் நாளிதழ் படிக்கிறவள். காதல் கதை வேலையில்லாதவர்களுக்கு என்பது என் கட்சி. இந்த நாவல் முதலில் போனில் தொடராக வந்து, பிறகு அச்சாகி, ஈப்போ கடைகளில் அள்ளிக்கொண்டு போகிறார்களாம். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"என்னா படிக்கிற?" என்று கூடத்திலிருந்து புருஷன் கேட்டார்.

"கமிட்டி வேல. டிவியப் பாருங்க."

கதை குப்பை. கதாநாயகன் பெரிய பணக்காரன், வாயைத் திறந்தால் அதட்டல். அவள் கையை முறுக்குகிறான், போனைப் பிடுங்குகிறான், அறையில் வைத்துப் பூட்டுகிறான். அவள் அதையெல்லாம் காதல் என்கிறாள். புத்தகத்தைச் சுவரில் அடிக்கலாம் போல் இருந்தது. அந்தப் பக்கங்களை எல்லாம் பேனாவால் குறித்தேன்.

ஆனால் ஓர் இடத்தில், காய்ச்சலில் கிடக்கும் அவள் பாதத்துக்கு அவன் எண்ணெய் தேய்த்துவிடுகிறான். இங்கே வலிக்கிறதா, இங்கே போதுமா என்று கேட்டுக் கேட்டுத் தேய்க்கிறான். அப்புறம் நடப்பதும் கேட்டுக் கேட்டுத்தான் நடக்கிறது. அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். பருப்பு அடிபிடித்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சல். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். போதுமா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

அந்தப் பக்கத்தின் முனை ஏற்கெனவே மடிக்கப்பட்டிருந்தது. அதுபோல ஒன்பது பக்கங்கள். நான் குறித்த பக்கம் ஒன்றில்கூட மடிப்பு இல்லை.

கூட்டத்துக்குக் கமிட்டியின் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். டீச்சர் கடைசி நாற்காலியில் இருந்தாள்.

"சொல்லுங்கக்கா, அசிங்கந்தானே?" என்றார் தலைவர்.

"புத்தகம் குப்பை. பொம்பளய ரூம்ல போட்டுப் பூட்றான், அத விட அசிங்கம் வேற வேணுமா? ஆனா அந்தப் பக்கம் மடிக்காம இருக்கு. மத்த ஒம்போது பக்கத்த யாரு மடிச்சது தலைவரே? நாலு நாள் உங்ககிட்டதான இருந்துச்சு."

ஒருவர் இருமினார். தலைவர் முகம் கறுத்துவிட்டது. "இப்ப அதுவா பேச்சு? அம்மன் படத்த வச்சு..."

"எங்க வீட்டு மளிகைக் கணக்கு நோட்டுக்கும் அம்மன் படந்தான் அட்டை. அவ இத வகுப்புல படிக்கல. அடுத்தவ பையத் திறந்தது நானு. தப்பு எம்மேல. எழுதிக்குங்க."

கை தூக்கச் சொன்னார்கள். ஐந்துக்கு நாலு. டீச்சர் இருக்கலாம் என்று முடிவானது.

அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலில் ஒரு லோரி நின்றது. ஓடிப்போய்க் கேட்டேன். "அதான் ஜெயிச்சாச்சே, எங்க போற?"

"ஈப்போப் பக்கம், ஜெலாப்பாங்குக்கு. பேக்டரில வேல கெடச்சிருச்சு." அவள் என்னைப் பார்க்காமல் துணிகளை மடித்தாள். "நேத்து ரொட்டி வாங்கப் போனேன்க்கா. உனக்காகக் கை தூக்கினேனே, அந்தப் புத்தகத்துல உள்ளது எனக்கும் சொல்லித் தருவியான்னு ஒருத்தன் கேக்கறான். எம்மக பக்கத்துல நிக்கிது."

யார் என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை. அந்த ஐந்து பேரில் நான் ஒருத்தி. மற்ற நாலு பேரும் ஆண்கள்.

மெத்தையின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அவள் பிடித்தாள். இருவரும் தூக்கி லோரியில் ஏற்றினோம்.