கீழ்வேளூர்க் கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கோபம் முதலாளி மேல், மீதி என் மேல்.

தஞ்சாவூரில் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்கு ஒருவராக வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேலை விண்ணப்பம் தயார்செய்து தருவதுதான் எங்கள் பிழைப்பு. கீழ்வேளூரில் ஒரு கிளை. அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரே ஒரு பெண். லுத்தரன் குடும்பம். ஆற்றில் தண்ணீர் வராமல் இரண்டு வருடமாகக் குறுவை பொய்த்த வீடு, அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

விண்ணப்பத்தை பி.டி.எஃப். ஆக மாற்ற என் புரோகிராம் வேறொரு மென்பொருளைக் கூப்பிடும். அது கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று முதலிலேயே சோதிக்க நாலு வரி எழுதிச் சேர்த்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு வேறு! ஆயுத பூஜைக்கு மறுநாள் புதுப் பதிப்பைக் கீழ்வேளூருக்கு அனுப்பினோம். அங்கே திரையில் ‘மென்பொருள் இல்லை’ என்று வந்து நின்றுவிட்டது.

அவள் போன் செய்தாள். “இருக்குக்கா. கண்ணால பாத்துக்கிட்டுதான் பேசுறேன். தனியா திறந்தா நல்லா ஓடுது.”

முதலாளி என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார். பூஜைக்கு முன்னால் கம்ப்யூட்டரில் வேண்டாத ஃபைல்களையும் அழித்துச் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். போன வருடம் அப்படிப் பாதி விண்ணப்பங்களை அழித்த புண்ணியவான் இவரேதான்.

“சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டு, இருக்குன்னு சாதிக்கிறியா?”

“துணியால துடைச்சேன் சார். பொரி சாப்பிட்டேன். வேற ஒண்ணுமே பண்ணலை.” அவள் குரல் எனக்கும் கேட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். “உன் புரோகிராம் என்னம்மா சொல்லுது?”

“இல்லைன்னுதான் சொல்லுது சார்.” சொன்னேனே, பாவி! அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அனுபவச் சான்றிதழும் கிடையாது என்றுவிட்டார்.

பத்து நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் கீழ்வேளூர் போனேன். மென்பொருள் அங்கே குத்துக்கல்லாட்டம் இருந்தது. என் கம்ப்யூட்டரில் லினக்ஸ், அங்கே விண்டோஸ். ஒரு மென்பொருள் இருக்கிறதா என்று கேட்க இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு. நான் எழுதியிருந்தது லினக்ஸ் கட்டளை, விண்டோஸுக்கு அது தெரியவே தெரியாது. கட்டளை ஓடாமல் போனாலும் ‘இல்லை’ என்றே காட்டும்படி நான் எழுதித் தொலைத்திருந்தேன். ஒரு பஸ் ஏறி வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டரை நம்பினோம், அதன் எதிரில் உட்கார்ந்திருந்தவளை நம்பவில்லை. என்ன திமிர் எங்களுக்கு!

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டேன். “தப்பு என்னுது சார். அவளைத் திரும்பக் கூப்பிடுங்க.”

“அதான் வேற ஆள் வந்தாச்சேம்மா. நீ திருத்திட்டு வந்து சேரு.” கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா அந்த மனுஷனுக்கு?

திருத்தினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மேஜை மேல் காத்திருந்த முதல் விண்ணப்பத்தைப் போட்டேன். உடனே பி.டி.எஃப். வந்தது. குவைத்தில் வீட்டு வேலைக்கான விண்ணப்பம், ஓரத்தில் அவள் புகைப்படம். இரண்டு வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவள், முன் அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள்.