என் பெயரில் ஒரு ஆட்டோ

மானியத்தில் எனக்குக் கிடைத்த ஆட்டோ ரோஸ் நிறம். பெண்கள்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியே கொடுத்தார்கள். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஸ்டாண்டில் முதல் நாள் நிறுத்தியபோது ஒருவர், "இன்னாம்மா, கல்யாண வண்டியா இது?" என்றார். "ஆமா, சீர் கொண்டாந்து வையி" என்றேன். அதற்கப்புறம் வரிசையில் எனக்கும் இடம் விட்டார்கள்.

நான் குள்ளம். பழைய புடவையை மடித்து சீட்டில் போட்டு, பின்னால் வரும் வண்டி தெரிய கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு அடையாறு, தி.நகர் என்று சுற்றுவேன். எதிரே பஸ் வந்தால் ஆரம்பத்தில் ஓரம் கட்டிவிடுவேன். பிறகு பஸ்காரர்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குப் பெயின்ட் வேலை நின்றுபோனது. "வேல வர்ற வரைக்கும் நான் ஓட்டறேன். நீ புள்ளைங்கள பாத்துக்கோ" என்றார். சண்டை போட்டேன். ஆனால் ஒரு ஆள் வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எத்தனை நாள் பொறுப்பது? சாவியைக் கொடுத்தேன். பெயின்ட் வேலை திரும்ப வந்தது. அவர் போகவில்லை.

ஒருநாள் போன் செய்தார். "செக்கிங் வந்துக்கினு கீறாங்க. ஓடியாந்து சீட்ல குந்து."

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் டீக்கடைக்குள் போய் நின்றுகொண்டார். வந்த அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். "நீங்கதானே ஓட்றீங்க?" என்றார். இல்லை என்றால் வண்டியே போய்விடும். ஆமாம் என்றேன். "அப்ப ஒரு ரவுண்டு போலாமே" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

சீட்டில் என் புடவை இல்லை. கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. அதை இறக்கிவிட்டுக் கிளப்பினேன். நாலு மாட வீதியையும் சுற்றினேன். கை எதையும் மறந்திருக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இறங்கும்போது அவர் என் தோளைத் தட்டினார். "நிறைய பேர் வீட்டு ஆம்பளைங்ககிட்ட கொடுத்துட்டு உக்காந்துடறாங்க. நீங்க விடாம ஓட்றீங்க பாருங்க, சந்தோஷமா இருக்கு."

அவர் தெரு முனை திரும்பும்வரை சீட்டை விட்டு நான் எழவில்லை. டீக்கடையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்து நின்றார். இறங்கி வழிவிட்டேன். உட்கார்ந்ததும் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏறு, வூட்ல வுட்டுடறேன்" என்றார்.

என் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.