பெயிலே இல்லாத பரீட்சை

எம்.சி.ஏ. நுழைவுத்தேர்வில் நூற்றுக்கு இருபத்தொன்று வாங்கிய வெண்மதி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் வெங்கடாசலம் மாமா, ஆறுதல் சொல்வதற்கென்றே கடத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"பெயிலாயிட்டயாமே கண்ணு?"

"அதுல பாசு, பெயிலே கெடையாதுங்க மாமா!"

"பெயிலே இல்லாத பரீட்சையில எப்படி கண்ணு பெயிலான?"

அழுகை கோபத்தில் காய்ந்துபோயிற்று. எந்தக் கேள்வியையும் எழுதாமல் விடாதே என்று பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம்தான். அதை நம்பி, தெரியாத நாற்பதுக்கும் குத்துமதிப்பாக விடை குறித்திருந்தாள். தப்பான ஒவ்வொன்றுக்கும் மார்க்கைக் கழித்துவிட்டார்கள்.

"அடுத்த வருசம் தெரியாததத் தொடவே மாட்டனுங்க!"

"எழுதாமயே மார்க்கு வாங்குவியா?"

கதவை அறைந்து சாத்தினாள். பழைய வினாத்தாளைப் பிரித்து, தெரியாத முதல் கேள்வியைப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.