அவள் காத்திருந்த ஆல்பம்

என் மனைவி போன பிறகுதான் அந்த ஆல்பம் வந்தது. டெக்சஸ் கன்ட்ரி பாட்டுக் குழு ஒன்று. நாலு பேரும் எழுபதைத் தாண்டிய கிழவர்கள். பல வருஷம் மாட்டுப் பண்ணை வைத்துக்கொண்டு சத்தமே காட்டாமல் இருந்துவிட்டு, இன்னும் ஒரு ஆல்பம் போடுகிறோம் என்று திடீரென்று அறிவித்தார்கள். செய்தி வந்த அன்று அவள் கீமோ நாற்காலியில் சாய்ந்திருந்தாள். போனை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இந்தக் கெழவனுங்களே வர்றானுங்க, அதுவரைக்கும் நான் இருக்க மாட்டனா?" என்றாள். ஆல்பம் தள்ளித் தள்ளிப் போனது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

ஈரோட்டுப் பெண்ணுக்கு இந்தப் பாட்டு எப்படி ஒட்டியது என்று எல்லோரும் கேட்பார்கள். டெக்சஸில் இந்தப் பேர்லேண்டுக்கு வந்த புதிதில் நாங்கள் வாங்கிய பழைய காரின் பிளேயரில், முன்னால் வைத்திருந்தவன் விட்டுப்போன இவர்களுடைய கேசட் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. கெமிக்கல் பிளான்ட்டில் பம்பும் வால்வும் பார்க்கிற இன்ஜினியர் நான். என்னால் அந்தச் சனியனை வெளியே எடுக்க முடியவில்லை. அவள் டிரைவிங் கற்றுக்கொண்டதும், மகளை டேகேரில் விட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்பியதும் அந்தப் பாட்டோடுதான். முதலில் வேறு வழியில்லாமல் கேட்டாள். அப்புறம் அர்த்தம் புரிய ஆரம்பித்தது. நிலம் கடனில் போகிறது, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள், இவன் குடித்துவிட்டு நாயிடம் புலம்புகிறான். "இதுல என்னங்க புதுசு, எங்க பெரியப்பன் கதைதானே" என்பாள். அந்தக் காரை விற்ற பிறகும் அந்தக் கிழவர்களை அவள் விடவில்லை.

அவள் போனதும் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பிரச்சினையே அதுதான். காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். மீட்டிங்கில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். சார் எவ்வளவு தைரியமா இருக்கார் என்று கோயில் கேன்டீனில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். தைரியமாவது மண்ணாவது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது. ஒரு தடவையாவது அழுது தொலைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆல்பம் வரட்டும், அதைக் கேட்டால் நிச்சயம் அழுகை வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வருஷம் திரும்புகிறவரை வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்கக் கூடாது என்று நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் என் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கார் வீடு இல்லையே. ஆல்பம் வந்த அன்று காலை ஃப்ரீவேயில் ஏறியதும் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தால் ஓரங்கட்ட வேண்டுமே என்று ரைட் லேனிலேயே போனேன். ஒன்றும் வரவில்லை. பிளான்ட் வாசலில் பேட்ஜைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். சாயங்காலம் மறுபடி போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். டிராஃபிக் ரிப்போர்ட் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

நன்றாக இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதனால் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் தேடிப் படித்தேன். ஒருவர், குரல் போனது தெரிந்தும் மறைக்காமல் பாடியிருக்கிறார்களே, இதுதான் இவர்களுடைய மிக நேர்மையான ஆல்பம் என்று எழுதியிருந்தார். படித்ததும், ஆமாம் சரிதான் என்று பட்டது. இன்னொருவர், மரியாதையாக மாட்டுப் பண்ணையிலேயே இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். அதுவும் சரியென்றே பட்டது. பிளான்ட்டில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் அந்தக் குழுவின் ஸ்டிக்கரைத் தன் பிக்கப் டிரக்கில் ஒட்டியிருப்பவர். அவரிடம் கேட்டேன். லஞ்ச் ரூமில் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, டிரம்ஸைப் போய் மெஷினில் போட்டுவிட்டார்களே என்று செத்த வீட்டில் துக்கம் சொல்கிற குரலில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதெல்லாம் இல்லை, கடைசிப் பாட்டு ஒன்றே போதும் என்று சண்டைக்கு வந்தார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். ஆஸ்டினில் படிக்கும் என் மகளோ, ஒரே ஒரு தடவை கேட்டதாகவும் இனிமேல் கேட்கப் போவதில்லை என்றும் இங்கிலீஷில் மெசேஜ் அனுப்பினாள்.

இப்படியே வருஷம் திரும்பியது. அக்கா நியூ ஜெர்சியிலிருந்து முந்தின நாளே வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் படையல் போடுவோம். இலை விரித்து, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, சாம்பிராணி காட்டிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தால், அவர் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு.

அவள் கடைசியாகப் படுத்திருந்த அறையில் இலை போட்டோம். அரிசிபருப்பு சாதம், கச்சாயம், அவளுடைய நீலப் புடவை, மகள் டிரைவ்-த்ரூவில் வாங்கி வந்த பிரெஞ்ச் ஃப்ரைஸ் எல்லாம் வைத்தாயிற்று. அப்போது மகள் ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மா வெயிட் பண்ணின ஆல்பம், அம்மா இன்னும் கேட்கவே இல்லை என்றாள். கும்பிட்டு முடித்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றாள் அக்கா. அப்போது அம்மா போயிருப்பாளே என்று மகள் கேட்டாள். எங்கள் அப்பாவுக்குப் படையல் போட்டபோது குவார்ட்டர் பாட்டிலும் பீடிக்கட்டும் வைத்ததை நான் ஞாபகப்படுத்தினேன். என்னமோ பண்ணுங்க என்று அக்கா சொல்லிவிட்டாள்.

மகள் போனில் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, போனையும் உள்ளேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். நான் கதவைச் சாத்தினேன். ஹாலில் கோயில் பழக்கத்தில் வந்த இரண்டு குடும்பங்கள் கைகட்டி நின்றன. குழந்தைகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ரீவே இரைச்சல் இல்லாமல் அந்தப் பாட்டை அன்றுதான் கேட்கிறேன். கதவுக்குப் பின்னாலிருந்து கிழவரின் குரல் வந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் போக முடியாமல் பாதியில் இறங்கியது. டிரம்ஸ் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அடுத்த பாட்டு அதைவிட மோசம்.

"நல்லா இல்ல" என்றேன்.

சாம்பாரைச் சொல்கிறேன் என்று நினைத்து அக்கா என்னை முறைத்தாள். மகளுக்குப் புரிந்தது. "ஐ நோ, அப்பா" என்றாள்.

"சுத்தமா நல்லா இல்லம்மா. இதுக்கா அவ அப்படிக் காத்துக் கெடந்தா?"

சொல்லும்போதே எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. உடம்பில் ஊசி குத்தாத இடம் இல்லாமல் படுத்துக்கொண்டு, இது எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டவள் அவள். அவளுக்கு நல்லதாக ஒன்று போட்டிருக்கக் கூடாதா? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வந்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மகள் என் முதுகில் கை வைத்தாள்.

நான் ஓய்கிறவரை அக்கா பொறுத்திருந்தாள். பிறகு மெதுவாக, "நேரமாச்சு கண்ணு. அவ சாப்புட்டிருப்பா. கதவத் தட்டித் தொற" என்றாள்.

கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

"இரு அக்கா. பாட்டு முடியட்டும்."

"இன்னும் எத்தன பாட்டுடா இருக்குது?"

"நெறைய இருக்குது."

"சோறெல்லாம் ஆறிப்போவுது. எல்லாருக்கும் பசிக்குதுடா."

"பசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.