ஆர்வில் லாம்பெத்தின் சட்டையில் பியர் வாடை

சனிக்கிழமை காலையில் டாலி கடைக்குப் போனால், ஆறு கிழவர்கள் பன்றி ஈரல் வறுவலை மென்றுகொண்டே 1971ஆம் வருஷத்துக் கார் பந்தயத்தை மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தன். என் பெயர் வேட். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். ஆனாலும் ஒரு வாரம் தவறவிட்டதில்லை. வெட்கங்கெட்ட ஜென்மம்.

"கடைசிச் சுத்துல கார்லண்டு ரெண்டு கார் நீளம் முன்னால இருந்தான்" என்பான் க்ளீட்.

"ரெண்டா? உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? ஒண்ணரைடா" என்பான் வெர்னன்.

பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்துபோகிற ஆட்கள் இவர்கள். நூற்று நாற்பதாவது சுற்றில் எந்தச் சக்கரத்தை மாற்றினார்கள் என்று மட்டும் சத்தியம் செய்வார்கள், அதுவும் ஆளுக்கொரு சக்கரமாக. அன்றைக்கு மைதானத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் உட்கார இடமில்லை. நேரில் பார்த்தேன் என்று இன்றைக்குப் பீற்றிக்கொள்கிறவர்களுக்கு இந்த மாவட்டமே போதாது.

எல்லாரும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுதான். ஆர்வில் லாம்பெத் அன்று குடித்துவிட்டுக் கார் ஓட்டினார் என்பது.

ஆர்வில் சைலன்சர் பழுது பார்க்கிறவர். வாரம் முழுக்கக் கார்களுக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை, குடியையே ஒத்துக்கொள்ளாத பாப்டிஸ்ட் சர்ச்சில் டீக்கனாகக் காணிக்கைத் தட்டு ஏந்துவார். இருமல் மருந்தைக்கூடச் சாராயம் கலந்திருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சனிக்கிழமைகளில், தானே ஒட்டுப்போட்டுச் செய்த சிவப்புக் காரில், எண்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டு பந்தயத்துக்கு வருவார். ஜெயித்ததே இல்லை. பத்தாவதாக வந்தால் அந்த வாரம் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பார்.

அன்று கடைசிச் சுற்று. எங்கள் ஊர்க்காரன் கார்லண்ட் ஹனிகட் முன்னால் போகிறான். அவனுக்குப் பின்னால் வெளியூர்க்காரன் மாபின், அவனுடையதும் சிவப்புக் கார், முப்பத்தெட்டாம் எண். மாபின் எங்களைத் தாண்டும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து கோழி எலும்பும் பியர் கேனும் பறக்கும். அது எங்கள் ஊர் வழக்கம், அதில் எங்களுக்குப் பெருமை வேறு. பல சுற்றுகள் பின்தங்கிவிட்ட ஆர்வில், இவர்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். செம்மண் அப்பிய காரில் மூன்று எது, எட்டு எது என்று யாருக்குத் தெரியும்? ஒருத்தன் மாபின் என்று நினைத்து, பாதி குடித்த கேனை வீசினான். அது ஆர்விலின் ஜன்னல் வழியாகப் போய் அவர் தாடையில் அடித்தது. கார் சுழன்று கார்லண்டின் குறுக்கே நின்றது. கார்லண்ட் வந்து மோதினான். மாபின் ஜெயித்துவிட்டான்.

வீசினவன் நான்.

ஆர்விலை வெளியே இழுத்தபோது சட்டை முழுக்கப் பியர், காலடியில் கேன். இதற்கு மேல் சாட்சி எதற்கு? "யாரோ எறிஞ்சாங்கய்யா" என்று அவர் சொல்லச் சொல்ல ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வாரமே டீக்கன் பதவி போயிற்று. அதற்கப்புறம் நாற்பது வருஷமாக, சைலன்சர் மாட்ட வருகிற கண்ட பயலெல்லாம் "பிரதர் ஆர்வில், எங்க, ஊதுங்க பாப்போம்" என்று கேட்டிருக்கிறான்.

போன வசந்தத்தில் க்ளீட், அந்தப் பந்தயத்தின் நாற்பதாவது ஆண்டுக்கு ஒரு புத்தகம் போடக் கிளம்பினான். நேரில் பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தான். அது காதில் விழுந்து ஆர்வில் டாலி கடைக்கே வந்துவிட்டார். வயது எழுபத்தொன்பது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"க்ளீட், நான் காரைச் சுழல விட்டேன்னு போடு. கார்லண்டைக் கெடுத்தேன்னும் போட்டுக்கோ. குடிச்சிருந்தேன்னு மட்டும் போடாதப்பா. புக்குல வந்துட்டா அப்புறம் அழிக்க முடியாது."

"கண்ணால பாத்ததத்தானே பிரதர் போடுறோம்" என்றான் வெர்னன், வாய் நிறைய வறுவலோடு. "கேன் என்ன, மழையோட வந்து விழுந்துச்சா?"

மேஜையே குலுங்கச் சிரித்தார்கள்.

"நான்தான் எறிஞ்சேன்" என்றேன். "மாபின்னு நெனச்சு எறிஞ்சேன். இவரு ஒரு சொட்டுக் குடிக்கல."

யாராவது என்னை அறைவார்கள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். க்ளீட் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அடப்பாவி! நாப்பது வருஷமா மூச்சு விடலையேடா! எந்தப் படியிலேர்ந்து எறிஞ்ச?"

"கேன் முழுசா, பாதியா? என்ன பியரு?" இது வெர்னன்.

"ஓடுற காருக்குள்ள, அதுவும் ஜன்னல் வழியா! என்னா குறிடா உனக்கு!" என்றான் இன்னொருத்தன்.

நான் விவரம் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. ஏழாவது படி, பாதிக் கேன், இடது கை என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

ஆர்வில் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

"நெல்டா போயி பதினோரு மாசம் ஆச்சு, வேட்" என்றார். நெல்டா அவர் பெண்டாட்டி. "குடிச்சீங்களான்னு ஒரு நாளும் அவ என்னைக் கேட்டதில்ல. ஆனா கேக்குல ஊத்துற எசன்சுல சாராயம் இருக்கு, நான் எடுத்துக் குடிச்சிருவேன்னு, அந்தப் பாட்டிலக் கைப்பையிலேயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சா. கடைசி வரைக்கும்."

அது மற்ற யார் காதிலும் விழவில்லை. ஏழாவது படியா ஒன்பதாவது படியா என்று அவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்வில் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஜூலையில் புத்தகம் வந்தது. பதினோராம் பக்கம் முழுக்க நான்தான், இடது கையை ஓங்கிக்கொண்டு நிற்கிற படம் வேறு. குடிகாரன் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, அதை எடுத்துவிட்டார்கள். கூடவே ஆர்வில் லாம்பெத் என்ற பெயரையும் எடுத்துவிட்டார்கள். 'வேட் வீசிய கேன், வழியில் வந்த ஏதோ ஒரு காரில் விழுந்தது' என்று போட்டிருக்கிறது. டாலி கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். நானும் போட்டுக் கொடுக்கிறேன்.